பிடிமண்

வண்டியில் முதலில் ஏறுவது ஆட்டுரல். நாலு பேர் சேர்ந்து தூக்கி, அச்சுக்கு நேர் மேலே உட்கார வைப்பார்கள். ஒரு சாண் முன்னால் தள்ளினால் முன்பாரம். மாட்டின் கழுத்து இறங்கிவிடும். ஒரு சாண் பின்னால் போனால் பின்பாரம். நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். உரலைச் சுற்றி அம்மி, குழவி, கலப்பை, கொழு, மண்வெட்டி. அவற்றின் மேல் பழைய வீட்டிலிருந்து பிரித்தெடுத்த கதவும் நிலையும். சாம்பல் கலந்து வைத்த விதைச் சோளமும் கம்பும் பானையோடு வைக்கோலுக்குள் புதைந்துகொள்ளும். கோழிகள் பஞ்சாரத்தோடு பின்னால் தொங்கும். வண்டிக்குக் கீழே ஒரு லாந்தர். பக்கத்தில் மசகு நிரப்பிய மூங்கில் குழாய். வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்த அந்த மசகு வழியில் தீர்ந்துபோனால் இருசு காய்ந்து சக்கரம் கத்த ஆரம்பித்துவிடும்.

கடைசியாகக் கிளம்பும் பொருளுக்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. குலசாமி கோயில் வாசலில் அள்ளி, மஞ்சள் துணியில் முடிந்த ஒரு கைப்பிடி மண். அதை வண்டியில் போடுவதில்லை. வீட்டில் மூத்தவர் மடியில் கட்டிக்கொண்டு நடப்பார்.

தேனி மாவட்டத்தில் எந்தக் கிராமத்துக்கு வேண்டுமானாலும் போய், ஊருக்கு வெளியே மரத்தடியில் நிற்கும் சாமியைக் காட்டி, இது எந்த ஊர்ச் சாமி என்று கேட்கலாம். “பிடிமண் எடுத்துட்டு வந்து கும்புடுறோம்” என்று பதில் வரும். தொடர்ந்து இன்னொரு ஊரின் பெயர் வரும். அது ஆண்டிப்பட்டிக் கணவாய்க்குக் கிழக்கே உள்ள ஊராக இருக்கும். அல்லது வைகையின் கீழ்க்கரையில், அல்லது பாட்டன் காலத்துக்கும் முந்தி எவரும் கண்ணால் பார்த்திராத ஏதோ ஒரு வடக்குத் திசையில். கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு தலைமுறையில் மாட்டுக்குப் பின்னால் நடந்து வந்தவர்கள். இந்தப் பள்ளத்தாக்கின் வரலாற்றை அரண்மனைக் கல்வெட்டுகளைவிட இந்தப் பிடிமண் சாமிகளே அதிகம் சொல்கின்றன.

வருவதற்கான காரணம் தண்ணீர். 1876 முதல் 1878 வரை நீண்ட தாது வருஷப் பஞ்சம் மதுரைச் சீமையின் வானம் பார்த்த நிலங்களைத் துடைத்துப் போட்டது. மேற்கே கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பும் திட்டம் அதற்கும் வெகு காலம் முன்பே பேசப்பட்டது. பஞ்சம் அதை அவசரமாக்கியது. 1886இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் 8,000 ஏக்கர். மறு ஆண்டு வேலை தொடங்கியது. 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுக்கின் பெயரைப் பள்ளத்தாக்கில் இன்றும் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். அவர் பிறந்த ஜனவரி 15 பொங்கலோடு வருவதால், லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் அன்றைக்குப் பொங்கல் பானை பொங்குகிறது.

அந்த அணையும் வண்டியில்தான் வந்தது. அப்போது ரயில் நின்ற பக்கத்து இடம் அம்மையநாயக்கனூர்; இன்றைய கொடைரோடு. இரும்பும் இயந்திரமும் தளவாடங்களும் அங்கிருந்து மாட்டு வண்டிகளில் நாள்கணக்காக உருண்டு மலையடிவாரம் வந்து சேர்ந்தன. மேற்கு மலையின் ஏற்றத்தில் மாடுகள் நுரை தள்ளி இழுத்த பாரத்தின் பலன்தான் பிற்பாடு வாய்க்காலில் ஓடியது. இன்றைக்கும் முல்லைப் பெரியாற்று நீரில் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. ஜூன் முதல் தேதி தண்ணீர் திறந்தார்களா இல்லையா என்பது உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் டீக்கடைப் பேச்சு.

தண்ணீர் வந்த செய்திக்குப் பின்னால் ஆட்கள் வந்தார்கள். உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரத்திலிருந்து வந்தவர்களின் வழி இன்றைக்கும் அதே வழிதான். உசிலம்பட்டி தாண்டினால் ஆண்டிப்பட்டிக் கணவாய். அதன் ஏற்றத்தில் வண்டியிலிருந்த கிழவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும்கூட இறங்கிவிடுவார்கள். “ஏத்தம் வந்துருச்சு, எறங்குங்க” என்று வண்டிக்காரர் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது. மாட்டின் மூச்சே சொல்லிவிடும். ஆண்கள் ஆரக்காலைப் பிடித்து உந்துவார்கள். ஒரு பையன் கையில் கல்லோ கட்டையோ வைத்துக்கொண்டு சக்கரத்துக்குப் பின்னாலேயே நடப்பான். மாடு நின்றால் கட்டையை வைப்பது அவன் வேலை. கணவாய் ஏறி இறங்கினால் எதிரே வானத்தை மறைத்துக்கொண்டு மேற்கு மலை. அடுத்து தேனி, வீரபாண்டியில் கௌமாரியம்மனுக்கு ஒரு சூடம், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். உசிலம்பட்டியிலிருந்து எண்பது கிலோமீட்டருக்குள் அடங்கும். இன்றைக்குப் பேருந்தில் ஒரு தூக்கம். பாரமேற்றிய வண்டிக்கு மூன்று, நான்கு இரவுகள்.

இரவுகள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வெயிலில் மாடு இழுக்காது. பகலில் புளியமரத்தடியில் அவிழ்த்துவிட்டு, தீவனம் காட்டி, பொழுது சாய்ந்ததும் பூட்டுவதுதான் வழக்கம். தடம் அறிந்த மாடுகள் தாமாகவே நடக்கும். வலத்தன் பழகிய மாடாக இருந்தால் போதும்; இடத்தன் அதைப் பார்த்து அடி வைக்கும்.

அந்த இரவுப் பயணமே குற்றம் என்று ஒரு சட்டம் சொன்ன காலமும் இருந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1914இல் கீழக்குயில்குடிக் கள்ளர்கள்மேல் பாய்ந்தது. சில ஆண்டுகளில் உசிலம்பட்டி வட்டாரத்துப் பிறமலைக் கள்ளர் ஊர்கள் பலவற்றுக்கும் பரவியது. ரேகைச் சட்டம் என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். கைரேகை பதிந்தவர் ராத்திரியில் காவல் நிலையத்திலோ சொன்ன இடத்திலோ ஆஜராக வேண்டும். ஊர் தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உள்பட பலர் மாண்டார்கள். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ரத்தானது. புது நிலம் தேடிக் குடும்பத்தோடு போகிறவன் முதலில் தேட வேண்டியிருந்தது சீட்டு. நல்ல நாள் பார்த்து, மாட்டுக்கு லாடம் அடித்து, விதை எடுத்து வைத்த பிறகும், ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் சக்கரம் நகர முடியாத நிலை. கணவாய் ஏற்றத்தைவிட அது செங்குத்தான ஏற்றம்.

ரேகைச் சட்டத்துக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் முன்பு, உலகத்தின் இன்னொரு மூலையில் வேறு வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அமெரிக்காவில் மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து ஓரிகன் வரை மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். நாலைந்து மாதப் பயணம். அந்த வெள்ளைக் கித்தான் வண்டிகளைச் சினிமாவில் குதிரைகள் இழுக்கும். உண்மையில் பெரும்பாலும் இழுத்தவை காளைகள். உள்ளே மனிதர்கள் உட்கார்ந்து போனதாகவும் நினைத்துக்கொள்கிறோம். அங்கும் பெரும்பாலோர் வண்டியின் பக்கத்தில் நடந்தார்கள். வண்டி பண்டத்துக்கு, கால் மனிதருக்கு. மாடு களைத்தபோது அவர்கள் அலமாரியையும் அடுப்பையும் வழியிலேயே இறக்கிவிட்டுப் போனார்கள். 1862இல் வந்த குடியிருப்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. அந்த நிலத்தில் முன்பே வாழ்ந்துகொண்டிருந்தவர்களின் கணக்கு அதில் இல்லை.

மாட்டின் மூச்சும் மனிதர் நடையும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் ஓரிகன் போனவர்களில் மிகப் பலருக்கு அது ஒருவழிப் பாதை. கம்பம் வந்தவர்களுக்கு அப்படியில்லை. மடியில் கட்டி வந்த பிடிமண் அந்தப் பாதையை மூடவிடவில்லை. புது ஊரில் ஒரு வேம்பையோ அரசையோ பார்த்து, கல் நட்டு, அதன் அடியில் மண்ணைப் போட்டுக் கும்பிட்டுவிட்டால் பழைய சாமி இங்கும் வந்துவிட்டது என்று பொருள். அங்கிருந்து போய்விட்டது என்று பொருளில்லை. மாசி மாதம் மகா சிவராத்திரிக்குக் குடும்பத்தோடு பழைய கோயிலுக்குப் போயே ஆக வேண்டும். பிள்ளைக்கு முடி இறக்கவும் காது குத்தவும் போக வேண்டும். பங்காளிகள் யார், மாமன் மச்சான் யார் என்பதும், எந்த வீட்டில் பெண் எடுக்கலாம், எந்த வீட்டில் கூடாது என்பதும் அந்தக் கோயில் வாசலில்தான் தெளியும். ஊர் விட்டுப் போன குடும்பம் வருஷத்துக்கு ஒரு முறை தன் வண்டித் தடத்தை எதிர்த் திசையில் நடந்து பார்க்கிறது.

திரும்பிப் போக வழியில்லாதவர்களும் இதே பள்ளத்தாக்கில் இருக்கிறார்கள்.

கம்பம், போடி பக்கத்துக் கன்னடம் பேசும் ஒக்கலிகக் குடும்பங்களில், வடக்கே ஆற்றுக்கு அப்பாலிருந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்த கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கும் அப்படி ஒரு கதை உண்டு. கரிசல் சீமையில் அவர்கள் குடியேறிய நினைவை கி. ராஜநாராயணன் 1976இல் ‘கோபல்ல கிராம’மாக எழுதினார். எந்த ஊர், எந்த ஆண்டு என்று இந்தக் கதைகளில் தேடினால் கிடைக்காது. பின்னால் துரத்தியவனின் முகமும் முன்னால் நடந்த மாட்டின் நிறமும் கிடைக்கும். பழைய கோயில் எங்கே என்று தெரியாதபோது பிடிமண்ணுக்கு எங்கே போவது? அவர்கள் மாட்டையே கோயிலாக்கிக்கொண்டார்கள்.

கம்பத்தில் நந்தகோபாலன் கோயில் தம்பிரான் மாட்டுத் தொழு இருக்கிறது. அங்கே வணங்கப்படுவது உயிரோடு நிற்கும் பட்டத்துக் காளை. மாட்டுப் பொங்கலன்று பிறக்கும் கன்றை இந்தத் தொழுவுக்கு நேர்ந்துவிடும் வழக்கம் சுற்று வட்டாரமெங்கும் உண்டு. அன்றைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நின்று காளையைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நின்று பார்த்தால் ஒன்று புரியும். மற்றவர்கள் விட்டு வந்த இடத்தை மண்ணாக முடிந்துகொண்டு வந்தார்கள் என்றால், இவர்களுடைய இடம் நாலு காலில் கூடவே நடந்து வந்திருக்கிறது. வந்த வழியெல்லாம் மேய்ந்து, ஈன்று, இன்னும் உயிரோடு இருக்கிறது.

தேனியின் மலைமாடுகள் அந்த நடையை விடவும் இல்லை. மழைக்காலத்தில் மலைமேல் மேய்ச்சல், அறுவடை முடிந்த வயலில் கிடை. பால் சொற்பம்; சாணம்தான் வருமானம். கிடை போட்ட வயலில் அடுத்த போகம் எப்படி வரும் என்று விவசாயிக்குத் தெரியும். கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கும் அந்த எரு போகிறது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் காடுகளில் மாடு மேய்க்கத் தடை விதித்தது. பிறகு அதைச் சரணாலயங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் புலிகள் காப்பகங்களுக்கும் என்று சுருக்கியது. காட்டைக் காப்பது தேவை. அந்தக் காட்டில் பளியர்கள் இவர்கள் எல்லோருக்கும் முன்பிருந்தே தேனும் கிழங்கும் எடுத்து வாழ்கிறவர்கள் என்பதும் உண்மை. வண்டி கட்டி வந்த எவரும் ஆளில்லாத பூமிக்கு வரவில்லை. கிடைமாட்டுக்காரருக்கு இன்றைக்கு வந்திருக்கும் கேள்வி அவருடைய முன்னோரின் கேள்வியேதான்: அடுத்து மாட்டை எந்தப் பக்கம் ஓட்டுவது?

மூன்றாவது வகைக் குடும்பங்களின் பழைய ஊர் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. வைகை அணையை 1959 ஜனவரியில் காமராஜர் திறந்துவைத்தார். அணைக்காக அதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே ஊர்கள் காலியாகின. ஆண்டிப்பட்டி வட்டாரத்துச் சாலைகளில் அப்போது போன வண்டிகளில் உத்தரக் கட்டைகளும் கதவுகளும் இருந்தன. வீட்டையே பிரித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்படிப் பெயர்ந்த மேட்டூர் என்ற சிற்றூரில் பிறந்த வைரமுத்து, குழந்தையாக வடுகபட்டிக்கு வந்து சேர்ந்தார். அந்த இடப்பெயர்வைத்தான் ‘கள்ளிக்காட்டு இதிகாச’மாக எழுதினார். அந்த நாவல் 2003இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. அணை நிறைந்தால் மதுரைக்கு நல்ல சேதி. அந்த 71 அடிக்குக் கீழே தங்கள் களத்துமேடு இருந்தது என்று சொல்லக்கூடியவர்கள் இன்றைக்கு மிக வயதானவர்கள். அவர்கள் பிடிமண் எடுத்தபோது, அந்தக் கோயிலுக்கு இனி வர முடியாது என்று தெரிந்தே எடுத்தார்கள். இந்த மூன்று பயணங்களில் மிகக் குறைந்த தூரம் இவர்களுடையது. திரும்ப முடியாத தூரமும் இவர்களுடையதுதான்.

பொட்டிப்புரம் இந்தக் கதைகளின் ஓரத்தில் இருக்கிறது. போடியிலிருந்து சிலமலை, ராசிங்காபுரம் வழியாகத் தேவாரம் போகும் பக்கத்தில், மேற்கு மலையின் காலடியில், மழை மறைவில். ஆனி ஆடியில் மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும்போது இந்தப் பக்கம் காற்று மட்டும் வரும். வாய்க்கால் பாயும் நிலத்தில் இடம் கிடைக்காதவர்கள், அல்லது ஆடுமாட்டுக்கு மலையடிவாரம் போதும் என்றவர்கள் உழுத மானாவாரி மண். சோளம், மொச்சை, நிலக்கடலை. கிணறு ஊறினால் மற்றவை. பதினெட்டாம் கால்வாய் பெரியாற்று நீரை லோயர் கேம்பிலிருந்து இந்தப் பக்கத்துக் கண்மாய்களுக்குக் கொண்டுவருகிறது. அணையில் தண்ணீர் நிற்கும் ஆண்டில் வரும்.

இந்த ஊருக்குப் பின்னால் நிற்கும் அம்பரப்பர் மலையைத்தான் நியூட்ரினோ ஆய்வகத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் பார்த்த இடம் நீலகிரியின் சிங்காரா. அது யானை, புலி நடமாடும் காடு என்பதால் 2009இல் மறுக்கப்பட்டது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. மலைக்குள் 2 கிலோமீட்டர் சுரங்கம். எல்லாப் பக்கமும் குறைந்தது 1 கிலோமீட்டர் பாறை மூடிய குகையில் 50,000 டன் இரும்புக் கருவி. விஞ்ஞானிகளுக்கு வேண்டியிருந்தது உறுதியான பாறை. ஊர்க்காரர்கள் கேட்டது, வெடி வைத்தால் கிணற்று ஊற்று நிற்குமா, மேய்ச்சலுக்கு மலையடி திறந்திருக்குமா, மலைக்கோயிலுக்கு நடை இருக்குமா என்று. இடம் மாறி வந்து, வறண்ட மண்ணைக் கையால் பதப்படுத்தியவர்களின் வழிமுறையில் வந்தவர்களுக்கு அந்தப் பயம் இயல்பானது. மறுபடி வண்டி கட்டுவது என்றால் என்னவென்று அவர்கள் வீட்டுக் கதைகளில் இருக்கிறது. வழக்குகள் நடந்தன. 2022இல் தமிழக அரசு இந்தத் திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. மலை அப்படியே நிற்கிறது.

பள்ளத்தாக்கின் பயணம் இப்போது மேல்நோக்கிப் போகிறது. விடிவதற்கு முன்பே கம்பத்திலும் தேவாரத்திலும் போடியிலும் ஜீப்புகள் நிற்கும். தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. நெருக்கியடித்து ஏறும் பெண்கள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்புகிறார்கள். 1956 நவம்பர் முதல் தேதி தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போனதிலிருந்து, காலையில் எல்லை தாண்டி மாலையில் எல்லை தாண்டுகிற பிழைப்பு இது. போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் ஏறும்போது யாரும் இறங்கித் தள்ளுவதில்லை. ஆனால் தோட்டம் போய்ச் சேர்வதற்குள் இடுப்பு விட்டுப்போகிறது.

மாசி சிவராத்திரி வரும்போது அந்த ஜீப்புகளில் பலவற்றுக்கு வேறு சவாரி. வேனும் மினி லாரியும் டிராக்டரும் கம்பம் சாலையில் கிழக்கே திரும்பி, தேனி தாண்டி, ஆண்டிப்பட்டிக் கணவாயில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும். பொங்கல் பானை, விறகு, நேர்ச்சைக் கிடாய், முடி இறக்க வேண்டிய பிள்ளை. உசிலம்பட்டி சின்னக் கருப்பசாமி கோயிலிலிருந்து சாமி பெட்டிகள் புறப்பட்டுப் பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலுக்குப் போகும். பூசாரிகள் சுமந்து நடக்க, ஊரே பின்னால் நடக்கும். இந்த வட்டாரத்தில் சாமியும் பெட்டி கட்டிக்கொண்டு பயணம் போய்த் திரும்புகிறது. இரவு முழுவதும் கண்விழிப்பு. எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்குக் கம்பம், கூடலூர், போடி, தேவாரம் என்று பதில்கள் கேட்டுக்கொண்டே இருக்கும்.

விடிந்ததும் கிளம்புவார்கள். ஒரு பாட்டி கோயில் வாசலில் குனிந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து, திருநீறோடு சேர்த்து முந்தானையில் முடிந்துகொள்வாள். வேன் கணவாய் இறங்கும்போது பிள்ளைகள் தூங்கிப்போயிருக்கும்; மழித்த தலையில் சந்தனம் காய்ந்திருக்கும். எதிரே மேற்கு மலை தெரியும். நாளைக் காலை நாலு மணிக்கு மருமகள் ஏலத் தோட்டத்துக்குக் கிளம்ப வேண்டும். தூக்குவாளியைக் கழுவி வைத்தாளா என்று பாட்டி கேட்பாள்.